வாய்ப்புண்ணும் வாயின் பொறுமையும்: கதிர்வீச்சு சிகிச்சை பற்றி ஒரு விளக்கம்

(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆரோக்கியம் சம்பந்தமாக ஏதாவது பேசும்படி நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். "சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி இந்த மூன்றும் வேண்டாம், எல்லோருக்கும் மனப்பாடம்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார். நான் டாக்டர் இல்லை. 1971ல் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் காலம் கழித்தவன். ஆனாலும் படித்த விஞ்ஞானம் விட்டுப் போகவில்லை. நம் குடும்பங்களில் பலருக்கு நேர்ந்திருந்தும் நாம் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒரு விஷயத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன். வாய், தொண்டைப் பகுதியில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கும்போது வாய் ஏன் புண்ணாகிறது, அந்தப் புண் எப்படி ஆறுகிறது, ஆறுவதற்கு நாம் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதே விஷயம்.

இந்த சிகிச்சையைத் தமிழ்நாட்டில் சாதாரண ஜனங்கள் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். வட இந்தியாவில் "சிகாய்" என்பார்கள், அதாவது ஒத்தடம். இரண்டுமே பொருந்தாத பெயர்கள். இதில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை, சூடும் தெரியாது. மேஜையில் படுக்க வைத்து, முகத்துக்கு அளவெடுத்த பிளாஸ்டிக் முகமூடியை மாட்டி அசையாமல் இருக்கச் செய்து, சில நிமிஷங்களில் எழுப்பி விட்டுவிடுவார்கள். முதல் வாரம் முழுவதும் "இவ்வளவுதானா?" என்றுதான் தோன்றும்.

கதிர்வீச்சின் அளவை 'கிரே' என்ற அலகால் சொல்வார்கள். வாய்ப் புற்றுநோய்க்கு வழக்கமான முறையில் ஒரு நாளைக்கு 2 கிரே, வாரத்துக்கு 5 நாள், ஏறக்குறைய 7 வாரம். ஆக 35 தவணையில் மொத்தம் 70 கிரே. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொடுப்பதானால் சற்றுக் குறையும். ஏன் இப்படித் தவணை முறை? 70 கிரேயையும் ஒரே நாளில் கொடுத்து முடித்துவிடக் கூடாதா? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

1895ல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். 1898ல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் பல டாக்டர்கள் பெரிய அளவை ஓரிரு தடவையில் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி கரையும், ஆனால் மேலிருக்கும் தோலும் சேர்ந்து அழுகும். பாரிஸ் ரேடியம் நிலையத்தில் இருந்த க்ளாடியஸ் ரிகோ என்பவர் ஆட்டுக்கடாக்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். ஒரே தடவையில் கதிர் செலுத்தி கடாவை மலடாக்க முயன்றால் விதைப்பையின் தோல் வெந்துவிடுகிறது. அதையே பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் கடா மலடாகிறது, தோல் தப்பிவிடுகிறது. வேகமாகப் பெருகும் விந்தணு செல்களைப் புற்றுநோய்க்கு ஒப்பாகவும், தோலை நல்ல திசுவுக்கு ஒப்பாகவும் அவர் வைத்துக்கொண்டார். அவருடைய சகாவான ஹென்றி கூடார்ட் இதே முறையைக் குரல்வளைப் புற்றுநோய் நோயாளிகளிடம் கையாண்டு, 1922ல் பாரிஸில் நடந்த மாநாட்டில் நல்ல பலன் கிடைத்ததைத் தெரிவித்தார். இன்று உலகம் முழுவதும் நடக்கும் தவணை சிகிச்சையின் மூலம் அதுதான்.

இனி செல்லுக்குள் நடப்பதைப் பார்ப்போம். 1 கிரே கதிர் பட்டால் ஒரு செல்லின் டி.என்.ஏ. இழையில் ஒற்றை முறிவு ஏறக்குறைய 1000 இடங்களில் ஏற்படுகிறது. இரண்டு இழையும் சேர்ந்து முறியும் இடங்கள் சுமார் 40. ஒற்றை முறிவுகளைச் செல் சுலபமாகச் சரிசெய்துகொள்ளும். இரட்டை முறிவுதான் ஆபத்து. அதையும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் செல் ஒட்டவைத்துவிடுகிறது. இதை முதல் மீட்சி என்று சொல்லலாம். 1959ல் எல்கைண்ட், சட்டன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் இதை அழகாக நிரூபித்தார்கள். ஒரே அளவை இரண்டாகப் பிரித்து நடுவில் சில மணி நேரம் விட்டால் அதிக செல்கள் பிழைக்கின்றன. இதனால்தான் ஒரே நாளில் இரண்டு தவணை கொடுக்க நேர்ந்தால் நடுவே குறைந்தது 6 மணி நேர இடைவெளி விடுகிறார்கள். பழுது பார்ப்பதில் நல்ல செல் கெட்டிக்காரன், புற்றுநோய்ச் செல் பொதுவாக அவ்வளவு சமர்த்தன் அல்ல. தினமும் கிடைக்கும் இந்தச் சின்ன வித்தியாசம் 35 நாளில் பெரிய வித்தியாசமாகிறது.

ஆனால் பழுது பார்ப்பது மட்டும் போதாது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு 2 கிரே தவணைக்கும் சுமார் பாதி செல்கள் பிழைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அம்பலப்புழை பால் பாயசக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். சதுரங்கக் கட்டத்தில் அரிசி ஒன்று, இரண்டு, நான்கு என்று பெருகும். இங்கே அதே கணக்கு தலைகீழாக ஓடுகிறது. 10 தவணை முடிந்ததும் 1024 செல்லில் ஒன்றுதான் மிஞ்சும். 35 தவணை முடிந்தால் 3,400 கோடிக்கு மேற்பட்ட செல்களில் ஒன்று. அப்படி நடந்தால் வாய்க்குள் உள்சவ்வு என்று ஒன்றே இருக்காது. நடைமுறையில் அப்படி ஆவதில்லை. புண்ணாகிறதே தவிர, பெரும்பாலோருக்கு சிகிச்சை முடிந்து சில வாரங்களில் ஆறிவிடுகிறது. எனவே செல்கள் அழிந்துகொண்டிருக்கும்போதே புதிய செல்கள் பிறந்துகொண்டிருக்க வேண்டும். இது இரண்டாவது மீட்சி. விஞ்ஞானிகள் இதை மறுகுடியேற்றம் என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள்.

வாயின் உள்சவ்வு பல அடுக்குகளால் ஆனது. அடியில் இருக்கும் வரிசைதான் உற்பத்தி சாலை. அங்கே மூல செல் ஒன்று இரண்டாகப் பிரிந்தால், ஒன்று மூல செல்லாகவே அடியில் தங்கும், மற்றது மேலே நகர்ந்து, முதிர்ந்து, கடைசியில் உதிர்ந்துவிடும். தோலில் இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய 4 வாரம் ஆகிறது. வாயில் ஒன்று அல்லது இரண்டு வாரத்திலேயே முடிந்துவிடும். காபி சுட்டால் இரண்டே நாளில் நாக்கு சரியாவது இதனால்தான்.

கதிர் பட்ட சில நாட்களில் இந்த ஏற்பாடு மாறுகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த வுல்ஃப்காங் டோர் என்ற விஞ்ஞானி எலிகளின் நாக்கிலும், பிறகு சிகிச்சை பெறும் நோயாளிகளின் வாய்ச் சவ்விலும் இதை நெடுங்காலம் ஆராய்ந்தார். அவர் விளக்கத்தை நம் கிராமத்து உதாரணத்தில் சொல்கிறேன். நல்ல விளைச்சல் காலத்தில் விவசாயி நெல்லில் ஒரு பங்கை விதைநெல்லாக வைத்துவிட்டு மற்றதைச் சாப்பாட்டுக்கு எடுப்பான். பஞ்சம் வந்தால் என்ன செய்வான்? வயிற்றைக் கட்டி, விளைந்ததையெல்லாம் விதைக்கே வைப்பான். வாய்ச் சவ்வும் அப்படித்தான். பிரியும் இரண்டு செல்லும் மூல செல்லாகவே தங்கிவிடுகின்றன. இது முதல் மாற்றம். இரண்டாவது, பிரிவது வேகமாகிறது, அடுத்தடுத்துப் போகம் எடுப்பது போல. மூன்றாவது வியப்பானது. சாவது நிச்சயம் என்று ஆகிவிட்ட செல்கள்கூட ஓரிரு முறை பிரிந்து, மேல் அடுக்குக்குக் கொஞ்சம் சரக்கு அனுப்பிவிட்டே சாகின்றன.

நோயாளியைக் குழப்பும் ஒரு புதிருக்கு இதில் விடை இருக்கிறது. முதல் பத்து நாள் ஒன்றும் தெரிவதில்லை. ஏனென்றால் மேலடுக்கு பழைய இருப்பில் ஓடுகிறது. இரண்டாம் வார முடிவில், 20 கிரே சுமாருக்கு, வாய் சிவந்து எரியத் தொடங்குகிறது. மூன்றாம் வாரத்தில் திட்டுத் திட்டாகப் புண், நான்காம் வாரத்துக்கு மேல் அவை ஒன்றாகச் சேரலாம். பார்க்கிறவர்களுக்கு "நாளுக்கு நாள் மோசமாகிறதே" என்று தோன்றும். ஆனால் அடியில் மீட்சி வேலை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. விளைந்ததெல்லாம் விதைக்குப் போவதால் மேலே பந்தியில் பற்றாக்குறை, அவ்வளவுதான். முதல் வாரத்தில் சவ்வின் செல் எண்ணிக்கை சட்டென்று குறைகிறது, பிறகு அதே அளவு கதிர் தொடர்ந்து கொடுத்தாலும் குறைவது மெதுவாகிறது என்பதை டோர் குழுவினர் நோயாளிகளிடமே கண்டார்கள். சனி, ஞாயிறு விடுமுறையும் வாய்க்குப் பெரிய ஒத்தாசை. அந்த இரண்டு நாளில் உற்பத்தி நடக்கிறது, அழிவு இல்லை.

இங்கேதான் மிக முக்கியமான கேள்வி வருகிறது. இரண்டு நாள் விடுமுறை நல்லதென்றால், பத்து நாள் விட்டால் இன்னும் நல்லதல்லவா? புண் ஆறட்டும், பிறகு மிச்சத்தை முடித்துக்கொள்ளலாமே?

என் மைத்துனருக்கு 68ஆம் வயதில் கன்னத்தின் உள்புறம் புற்றுநோய் வந்தது. நான்காம் வாரத்தில் மனுஷர் தண்ணீர் குடிக்கவே கண் கலங்கினார். "பத்து நாள் விட்டுப் பிடிக்கலாம்" என்று தீர்மானித்துவிட்டார். சென்னையிலிருந்தும், பெங்களூரிலிருந்தும், அமெரிக்காவிலிருந்தும் போன் செய்த உறவினர் எல்லோரும் "பாவம், கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார்கள். பிரியத்தில் சொன்னதுதான், சந்தேகமில்லை. அவருக்கு சிகிச்சை கொடுத்த டாக்டர் அம்மாள் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்கு போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கைத்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

மறுகுடியேற்றம் நல்ல திசுவுக்கு மட்டும் சொந்தமல்ல. புற்றுநோயும் அடி வாங்கியபின் வேகமாகப் பெருகத் தொடங்கும். வாய்ச் சவ்வு முந்திக்கொள்கிறது, கட்டி சற்றுத் தாமதமாக, சுமார் நான்காம் வாரத்தில் விழித்துக்கொள்கிறது. 1988ல் விதர்ஸ் முதலான விஞ்ஞானிகள் தலை, கழுத்துப் புற்றுநோய் சிகிச்சை முடிவுகள் பலவற்றைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். நான்கு வாரத்துக்குப் பிறகு நீளும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டியின் வளர்ச்சியை ஈடுகட்டவே சுமார் 0.6 கிரே தேவைப்படுகிறது என்று கண்டார்கள். அப்படியானால் 10 நாள் இடைவெளிக்கு 6 கிரே. அதாவது மூன்று தவணை சிகிச்சை வீண். மூன்று நாள் பட்ட அவஸ்தையைத் தண்ணீரில் விட்ட மாதிரி. கூடுதலாக மூன்று தவணை கொடுத்துவிடலாமே என்றால், எலும்பு, ரத்தக் குழாய், நார்த் திசு இவை வாய்ச் சவ்வைப் போல் வாரக் கணக்கில் புதிதாகப் பெருகுபவை அல்ல. அவை வாங்கிய கதிரின் சேதம் மாதங்கள், வருஷங்கள் கழித்துத் தலைகாட்டும். இடைவெளி விட்டதால் அவற்றுக்குச் சலுகை ஏதும் கிடைப்பதில்லை.

நேர் எதிர்த் திசையிலும் பரிசோதித்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1990களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சனி, ஞாயிறு கூட விடாமல் தினமும் 3 தவணை, 12 நாளில் 36 தவணை, மொத்தம் 54 கிரே. ஆறரை வாரத்தில் கொடுக்கும் 66 கிரேக்கு சமமான பலன் அதில் கிடைத்தது. கட்டி விழித்துக்கொள்வதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது என்று பொருள். வாய்ப்புண் கடுமையாக வந்தது, ஆனால் சீக்கிரம் ஆறியது. சர்வதேச அணுசக்தி முகமை வளரும் நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் நடத்தி 2010ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. வாரத்துக்கு 5 தவணைக்குப் பதில் 6 தவணை கொடுத்து ஒரு வாரம் முன்னதாக முடித்ததில், ஐந்து வருஷத்துக்குப் பின் நோய் அந்த இடத்தில் கட்டுப்பட்டிருந்தவர்கள் 100க்கு 42 பேர். வழக்கமான முறையில் 30 பேர். மருந்து மாறவில்லை, மொத்த அளவும் மாறவில்லை, காலம்தான் மாறியது. பிரிட்டனின் கதிரியக்க டாக்டர்கள் சங்கம் இவ்வகை நோயாளிகளுக்குக் குறித்த காலத்தைவிட 2 நாளுக்கு மேல் சிகிச்சை நீளக்கூடாது என்று வழிகாட்டி வைத்திருக்கிறது. மெஷின் ரிப்பேரானாலோ, பண்டிகை விடுமுறை வந்தாலோ, சனிக்கிழமை வரச்சொல்லியோ, ஒரே நாளில் இரண்டு தவணை கொடுத்தோ டாக்டர்கள் ஈடுகட்டப் பார்ப்பது இதற்காகத்தான். டாக்டரே நிறுத்தி வைக்கச் சொன்னால் அது வேறு விஷயம். நாமாக நிறுத்தக்கூடாது.

என் மைத்துனர் அந்தக் காகிதத்தை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். 35 தவணையும் ஒரு நாள் தவறாமல் முடித்தார். கடைசி மூன்று வாரம் மூக்கு வழியாகக் குழாயில்தான் ஆகாரம். சிகிச்சை முடிந்தும் பத்து நாள் புண் அப்படியே இருந்தது. பிறகு ஆறத் தொடங்கி, ஐந்தாம் வாரம் குழைந்த சாதம் சாப்பிட்டார். மூன்று வருஷம் ஆகிறது, செக்கப்புக்கு அவரே தனியாகப் போய் வருகிறார்.

மீட்சிக்கு நாம் உதவக்கூடியவை சில. சிகிச்சைக்கு முன்பே பல் டாக்டரிடம் காட்டி, எடுக்கவேண்டிய பல்லை எடுத்து, அந்தக் காயம் ஆறிய பின் கதிர் ஆரம்பிக்கவேண்டும். பின்னால் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. உப்பும் ஆப்ப சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரால் தினம் பல தடவை வாய் கொப்பளிக்கவேண்டும். மிருதுவான பிரஷ். புண்ணின் மேல் படியும் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம் பெரும்பாலும் சீழ் அல்ல, அதைச் சுரண்டக் கூடாது. ஆனால் வெள்ளை வெள்ளையாகக் காளான் தொற்றும் வரலாம், டாக்டரிடம் காட்டிவிடவேண்டும். பென்ஸிடமின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்தையும், குறைந்த சக்தி லேசர் ஒளியையும் சர்வதேச நிபுணர் குழு சிபாரிசு செய்திருக்கிறது. 2020ல் வெளியான குறிப்பில் தேனையும் சேர்த்திருக்கிறார்கள், பல் சொத்தையாகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற எச்சரிக்கையோடு. சர்க்கரை உள்ளவர்கள் கேட்டுக்கொண்டு உபயோகிக்கட்டும். வலி மருந்தைப் பயந்துகொண்டு குறைக்கவேண்டாம். வலி தாங்காமல்தான் சாப்பாடும் சிகிச்சையும் நிற்கின்றன.

சாப்பாடு நம் அகத்து மாமிகளின் இலாகா. முட்டை, மீன் என்று டயட்டீஷியன் எழுதிக் கொடுப்பார். நாம் பால், பால் பவுடர், பனீர், நன்றாக மசித்த பருப்பு சாதத்தில் நெய், புளிக்காத தயிர், சத்துமாவுக் கஞ்சி இவற்றால் ஈடுகட்டலாம். மிளகு ரசம், ஊறுகாய், எலுமிச்சை கொஞ்ச காலம் ஒதுங்கியிருக்கட்டும். புதுச் செல் கட்டப் புரதம் வேண்டும். எடை குறைந்தால் முகமூடி லூசாகி, கதிர் படவேண்டிய இடம் தப்பும் ஆபத்தும் இருக்கிறது. ஆகையால் இந்த ஏழு வாரம் ஏகாதசி உபவாசம், ஒருவேளை பலகாரம் எல்லாம் வேண்டாம். வியாதிஸ்தருக்கு விதிவிலக்கு நம் பெரியவர்களே கொடுத்திருக்கிறார்கள். ஊரில் கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி என்று மூன்று நாள் சிகிச்சையை விட்டுவிட்டுப் போவதும் கூடாது.

மீளாதவை சிலவும் உண்டு, மறைப்பதற்கில்லை. ருசி பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பும். உமிழ்நீர்ச் சுரப்பி அப்படியல்ல, முன்னெல்லாம் வாய் நிரந்தரமாக வறண்டுவிடும். ஐ.எம்.ஆர்.டி. என்ற முறையில் சுரப்பியை விலக்கிக் கதிரைச் செலுத்துவதால் இப்போது பரவாயில்லை. 2011ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஒரு வருஷத்துக்குப் பின் கணிசமான வறட்சி பழைய முறையில் 100க்கு 74 பேருக்கும், புதிய முறையில் 38 பேருக்கும் இருந்தது.

இறுதியாக, நம் சமூகத்துக்கு ஒரு வார்த்தை. "எங்களுக்குப் புகையிலைப் பழக்கம் கிடையாது" என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே சாப்பாட்டுக்குப் பின் சீவலை மெல்லுகிறோம். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும், பாக்கு மட்டுமேயும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004ல் வெளியிட்ட நூலில் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. நம் தேசத்தில் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வாய்ப் புற்றுநோய் புதிதாக வருகிறது. தாம்பூலத்தை மரியாதைக்கு வாங்கிக்கொள்வோம், மெல்லவேண்டாம். மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ, வெள்ளை, சிவப்புத் திட்டோ, வாய் திறப்பது குறைவதோ தெரிந்தால் தள்ளிப்போடாமல் காட்டிவிடவேண்டும்.

நம் சங்கத்துக்கு இந்தியா முழுவதும் கிளைகள் இருக்கின்றன. சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வரும் அங்கத்தினர் ஏழு வாரம் தங்குவதற்கு இடமும், காரமில்லாத சாப்பாடும், தினம் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய்வர ஒரு ஆளும் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். பாதியில் நிற்பவர்களில் சிலராவது இந்தக் காரணங்களால் நிற்பவர்கள்தான். ஒவ்வொரு கிளையிலும் ஓய்வுபெற்றவர்கள் ஐந்து பேர் வாரத்தில் ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டால், திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நோயாளிக்குத் துணை கிடைத்துவிடும். இங்கே திங்கட்கிழமைக்கு என் பெயரைப் போட்டுக்கொள்ளும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். மற்ற நான்கு நாளுக்கும் பெயர் கொடுப்பவர்கள் காபிக்குப் போகும் முன் அவரிடம் சொல்லிவிடலாம்.